மழை ஊரில் பனித்தளம்: பசிபிக் கரை ஹாக்கியின் முதல் பருவம், 1912

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கி என்றால் கனடா, கனடா என்றால் உறைந்த ஏரி என்று நம் மனம் ஒரே மூச்சில் ஓடிவிடும். இன்று நாம் பார்க்கப்போகும் பருவத்துக்கு அந்தப் படம் உதவாது. கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே 3, 4 டிகிரி செல்சியஸ். குளிர்காலம் முழுக்க மழை. கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் விக்டோரியாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். குளம் அத்திபூத்தாற்போல் ஒருநாள் உறையும். மறுநாள் சொதசொதவென்று கிடக்கும். அதில் சறுக்கவே முடியாது, அட்டவணை போட்டு டிக்கெட் விற்பது எங்கே?

அப்படிப்பட்ட கரையில்தான் 1912 ஜனவரி 2 அன்று ஒரு தொழில்முறை லீக் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. அதன் பெயர் பசிபிக் கோஸ்ட் ஹாக்கி அசோசியேஷன். வான்கூவர் மில்லியனேர்ஸ், நியூ வெஸ்ட்மின்ஸ்டர் ராயல்ஸ், விக்டோரியா என்று மூன்றே அணிகள். முதல் ஆட்டம் விக்டோரியாவில். வந்திருந்த ராயல்ஸ் அணி உள்ளூர் அணியை 8-3 என்று வென்றது. மூன்று நாள் கழித்து வான்கூவரில் அதே ராயல்ஸ் அதே 8-3 கணக்கில் மில்லியனேர்ஸிடம் தோற்றது.

இந்த லீக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு கடத்தல் கதையைத்தான் சொல்வார்கள். லெஸ்டர் பாட்ரிக், ஃபிராங்க் பாட்ரிக் என்ற அண்ணன் தம்பி கிழக்கே இருந்த நேஷனல் ஹாக்கி அசோசியேஷன் என்ற என்.எச்.ஏ. லீக்கின் நட்சத்திர வீரர்களைப் பணம் காட்டி இழுத்து வந்தார்கள் என்பது அந்தக் கதை. அது பொய்யில்லை. முதல் பருவத்தில் ஆடிய 23 பேரில் 16 பேர் என்.எச்.ஏ.விலிருந்து வந்தவர்கள். ஆனால் பணம் எங்கே போனது என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

1910-11 பருவத்தில் என்.எச்.ஏ. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 5,000 டாலர் என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் அணி லெஸ்டருக்கு 3,000 டாலரும் ஃபிராங்குக்கு 2,000 டாலரும் கொடுத்து ஆடவைத்திருந்தது. அதாவது இந்த இருவரின் சம்பளமே பிறகு ஓர் அணி முழுவதற்கும் வைத்த வரம்புக்குச் சமம். வீரர்கள் கொதித்துப் போயிருந்ததில் வியப்பில்லை. சரி, பாட்ரிக் சகோதரர்கள் அந்த வரம்பைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அணிக்கும் சேர்த்து 30,000 டாலர்தான் ஆகும். வான்கூவரிலும் விக்டோரியாவிலும் அரங்கம் கட்ட அவர்கள் செலவழித்ததோ 3 லட்சம் டாலருக்கு மேல். தந்தை ஜோசப் பாட்ரிக் 1911-ல் தன் மரத் தொழிலை விற்ற பணம் அது. ஆள் பிடிப்பது அற்பச் செலவு. பனி பிடிப்பதுதான் முதலீடு. இந்தப் பருவத்தின் அட்டவணை, கோல் கணக்கு, யார் கடைசியில் வந்தார்கள் என்பது வரை பலவற்றுக்கும் அந்தப் பனித்தளத்தில்தான் வேர் இருக்கிறது என்பது என் வாதம்.

கனடாவில் செயற்கைப் பனித்தளம் என்று எழுந்தவற்றில் இவை இரண்டும்தான் முதல். கிழக்கே மாண்ட்ரியலில்கூட அப்போது அரங்கத்துக்குள் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, மீதியைக் குளிரிடம் விட்டுவிடுவார்கள். மார்ச்சில் வெயில் ஏறினால் ஆட்டம் சேற்றில் நடக்கும். மேற்குக் கரையில் அந்தச் சலுகையும் கிடையாது.

அந்தக் காலத்துத் தளம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். தரைக்குள் இரும்புக் குழாய்கள் ஒரு கையகல இடைவெளியில் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். குழாயில் ஓடுவது கால்சியம் குளோரைடு கரைத்த உப்புநீர். குளிர்ச்சியை உண்டாக்கும் அம்மோனியா இயந்திர அறையை விட்டு வெளியே வராது. கம்ப்ரசர் அம்மோனியா வாயுவை அழுத்தும். அழுத்தத்தில் சூடேறிய வாயுவைக் கண்டென்சரில் பாயும் தண்ணீர் குளிர்வித்துத் திரவமாக்கும். அந்தத் திரவம் குறுகிய வால்வு வழியே விரிந்து ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் உப்புநீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே 8 முதல் 12 டிகிரி வரை குளிர்ந்த உப்புநீரைப் பம்பு தரைக்கு அடியில் தள்ளும். அம்மோனியாவையே நேரடியாகக் குழாயில் விட்டால் இன்னும் சிக்கனம். ஆனால் ஒரு மூட்டு கசிந்தால் மேலே ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறுவார்கள். அதனால்தான் இடையில் உப்புநீர்.

உப்பின் அளவு முக்கியம். கரைசல் நீர்த்துப்போனால், குளிர்விக்கும் கலத்துக்குள்ளேயே அது உறைந்து ஓட்டத்தை அடைக்கும். அளவு கூடினால் கரைசல் கனத்துப் பம்பு திணறும். குழாயில் காற்று சிக்கிக்கொண்டால் அந்த வரிசைக்கு மேலே மட்டும் பனி மெத்தென்று கோடு போட்டதுபோல் இளகும். உப்புநீர் போகும்போது இருந்த குளிருக்கும் திரும்பி வரும்போது இருக்கும் குளிருக்கும் இடையே ஓரிரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், தளத்தின் ஒரு முனை கெட்டியாகவும் மறுமுனை நசநசவென்றும் ஆகும். முதல் இருபது நிமிடம் ஒரு கோலைத் தாக்கிய அணி அடுத்த இருபது நிமிடம் வேறு விளையாட்டு ஆடும்.

பனியைப் போடுவதும் ஒரே ஊற்றில் முடியாது. இன்றைய வழக்கமான அளவான 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலத்தை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 1,600 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று சென்டிமீட்டர் பனிக்கு 48,000 லிட்டர். அதை மெல்லிய படலம் படலமாக, ஒன்று இறுகியபின் மற்றொன்றாகப் போடவேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் இறுக நெடுநேரம் ஆகும், உள்ளே காற்றுக் குமிழ்கள் சிக்கிப் பனி வலுவிழந்து நிற்கும். கனத்த வீரன் திரும்பினால் உடையும். மேல் படலத்துக்கு வெந்நீர் நல்லது, அதில் கரைந்த காற்று குறைவு. பழைய கீறல்களையும் அது இளக்கி மூடும். கனம் கூடினால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. அது தவறு. பனியே வெப்பத்தைத் தடுக்கும் பொருள். அது தடிக்கத் தடிக்க அடியில் இருக்கும் குளிர் மேலே வந்து சேராது, ஓடும் பரப்பு இளகும். அதனால் போட்ட பனியைச் சுரண்டி எடுப்பதும் அன்றாட வேலை. பனியைச் செப்பனிடும் ஜாம்போனி வண்டி 1949-ல்தான் வந்தது. 1912-ல் எல்லாம் கைவேலை.

இதில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று மிஞ்சும்: பார்வையாளர். வான்கூவர் டென்மன் அரங்கில் 10,000 பேருக்கு மேல் உட்காரலாம். அப்போது வான்கூவரின் மக்கள்தொகையே ஒரு லட்சம்தான். பத்தில் ஒருவருக்கு இருக்கை போட்ட துணிச்சலை என்னவென்று சொல்வது! நாம் வீட்டு ஏசிக்கு ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அந்த ஒரு டன் என்பது ஒரு டன் பனியை 24 மணி நேரத்தில் உறையவைக்கும் குளிர்ச்சி, ஏறக்குறைய 3.5 கிலோவாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறான். 35 பேர் சேர்ந்தால் ஒரு டன். 7,000 பேர் வந்தால் 200 டன் வெப்பம் அரங்கத்துக்குள் நுழைகிறது. அதெல்லாம் பனியில் இறங்காது, பெரும்பகுதி கூரைக்குப் போகும். ஆனால் மழையில் நனைந்த கோட்டும் மூச்சின் ஈரமும் இறங்கும். ஈரக் காற்று குளிர்ந்த தளத்தைத் தொட்டதும் மேலே பனித்தூள் படியும், பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டான பக் ஓட்டம் தடுமாறும். சில நேரம் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி நிற்கும். கூட்டம் நிறைந்தால் கல்லா நிறையும், பனி கெடும். அரங்க நிர்வாகிகளுக்கு இது தீராத தலைவலி.

ஆட்டம் மட்டும் நடத்தி இந்தக் கட்டடங்களைக் காப்பாற்ற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பருவம் முழுவதும் நடந்தது 23 ஆட்டம். மற்ற நாள்களில் பொதுமக்கள் காசு கொடுத்துச் சறுக்கினார்கள். விக்டோரியா அரங்கம் 1911 கிறிஸ்துமஸ் அன்று திறந்ததே பொதுச் சறுக்கலுக்குத்தான். ஹாக்கி வந்தது ஒரு வாரம் கழித்து.

இனி தளத்தின் மேலே ஏறுவோம். அந்தப் பருவத்தில் என்.எச்.ஏ. ஏழு பேரிலிருந்து ஆறு பேருக்கு இறங்கியது. பசிபிக் லீக் ஏழிலேயே நின்றது. 1922 வரை நின்றது. கோல்கீப்பர், அவருக்கு முன்னால் பாயிண்ட், அதற்கும் முன்னால் கவர் பாயிண்ட், முன்வரிசையில் சென்டரும் இரண்டு விங்கும். ஏழாமவர் ரோவர். அவருக்கு நிலையான இடம் கிடையாது. தாக்கும்போது நான்காவது முன்வீரர், தற்காக்கும்போது மூன்றாவது தடுப்பாளர். அணியிலேயே வேகமும் மூச்சும் அதிகம் உள்ளவருக்குத்தான் அந்த இடம். ஆறு பேர் முறை சம்பளத்தில் ஒன்றை மிச்சம் பிடிக்கும், அவ்வளவுதான் என்று சொன்ன பழைய ரசிகர்கள் நிறைய. எனக்கும் ரோவர் பக்கம் ஒரு சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஏழு பேர் ஆடினால் தளம் நெரிசலாகும் என்பதும் உண்மை.

முன்னோக்கிப் பாஸ் கொடுக்கக் கூடாது. பக்குக்கு முன்னால் நிற்கும் சக வீரன் ஆஃப்சைடு. ரக்பிபோலப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் தள்ளலாம். அதனால் தாக்குதல் என்பது ஒருவர் பக்கை மட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவது, மற்றவர்கள் ஏணிப்படிபோல் பின்தொடர்ந்து ஓடுவது. எதிரணித் தடுப்பாளர் உடம்பால் மறிப்பார். ராயல்ஸ் அணியின் எர்னி ஜான்சன் மிக நீளமான மட்டை வைத்திருந்ததற்குப் பெயர்போனவர். முன்பாஸ் இல்லாத விளையாட்டில் அப்படியொரு மட்டை எதிராளி ஓடிவரும் வழியையே அடைத்துவிடும். 'மூஸ்' என்ற பட்டப்பெயரும் அவருக்கு உண்டு.

கோல்கீப்பர் படுக்கக் கூடாது, மண்டியிடக் கூடாது, உட்காரக் கூடாது. நின்றே தடுக்கவேண்டும். கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். தாழ வரும் பக்கை மட்டையாலும் காலாலும் மட்டும் பிடிக்கவேண்டும். காலில் கட்டியிருந்ததோ கிரிக்கெட் காப்பின் வழிவந்த காப்பு, முகமூடி கிடையாது. இதோடு மாற்று வீரர் என்ற வழக்கமும் இல்லை. லீக் முழுவதற்கும் 23 பேர், ஓர் அணிக்கு ஏழு பேர் தளத்தில் வேண்டும் என்றால் பெஞ்சில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? தொடங்கியவர்களே 60 நிமிடமும் ஆடினார்கள். கடைசி இருபது நிமிடத்தில் கால் கனத்தபின் தடுப்பில் ஓட்டை விழும்.

கோல் கணக்கு இதைச் சொல்லிவிடுகிறது. 23 ஆட்டத்தில் 261 கோல். ஆட்டத்துக்குப் பதினொன்றுக்கு மேல். வட அமெரிக்காவின் இன்றைய முதன்மை லீக்கான என்.எச்.எல். ஆட்டத்தில் சராசரி ஆறை ஒட்டித்தான் இருக்கும். வான்கூவரின் நியூசி லலோண்ட் 15 ஆட்டத்தில் 27 கோல், ராயல்ஸின் ஹாரி ஹைலண்ட் 15 ஆட்டத்தில் 26, விக்டோரியாவின் டாமி டண்டர்டேல் 16 ஆட்டத்தில் 24. இந்த டண்டர்டேல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் என்பது கேள்விப்பட்டவர்களை எப்போதும் ஒரு கணம் நிறுத்தும். இந்த எண்களைப் பார்த்து அந்தக் காலத்து முன்வீரர்கள் எல்லாம் மந்திரவாதிகள் என்று முடிவுகட்ட வேண்டாம். நிற்கவேண்டிய கோல்கீப்பர், ஓயமுடியாத தடுப்பாளர், மழையால் கெடாத கெட்டித் தளம் என்று மூன்றும் சேர்ந்த கணக்கு இது.

இப்போது பட்டியலைப் பாருங்கள். ராயல்ஸ் 15 ஆட்டத்தில் 9 வெற்றி, 6 தோல்வி, முதலிடம். வான்கூவர் 7 வெற்றி, 8 தோல்வி. விக்டோரியா 16 ஆட்டத்தில் 7 வெற்றி, 9 தோல்வி. அணிக்கு 16 என்று மொத்தம் 24 ஆட்டம் வரவேண்டிய அட்டவணையில் வான்கூவருக்கும் ராயல்ஸுக்கும் இடையே ஒன்று நடக்கவில்லை.

வெற்றி தோல்விக்குப் பக்கத்தில் கோல்களை வையுங்கள். வான்கூவர் போட்டது 102, வாங்கியது 94. விக்டோரியா போட்டது 81, வாங்கியது 90. முதலிடம் பிடித்த ராயல்ஸ் போட்டது 78. மூன்று அணியிலும் அதுதான் குறைவு! வாங்கியது 77. பருவம் முழுக்க ஆடி, ஒரே ஒரு கோல் கூடுதலாக வைத்து கோப்பை வாங்கியிருக்கிறார்கள். எட்டு கோல் கூடுதலாக வைத்திருந்த வான்கூவர் பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்றது. இதன் பொருள் எளிது: வான்கூவர் வென்றபோது அள்ளிக் கொட்டியது, நெருக்கமான ஆட்டங்களை விட்டுக்கொடுத்தது. ராயல்ஸ் தோற்றபோது பலமாகத் தோற்று, வெல்லும்போது அளவாக வென்றது.

காரணம் என்று ஒருவரைச் சுட்டவேண்டுமானால் நான் ராயல்ஸ் கோல்கீப்பர் ஹியூ லேமனைச் சுட்டுவேன். 15 ஆட்டத்தில் 77 என்றால் ஆட்டத்துக்கு ஐந்தை ஒட்டி. வான்கூவரின் ஆலன் பார் ஆட்டத்துக்கு ஆறுக்கு மேல் விட்டார். விக்டோரியாவின் பெர்ட் லின்ட்சே இருவருக்கும் இடையில். வான்கூவர் அணியில் லலோண்டோடு டாமி ஃபிலிப்ஸ், சை கிரிஃபிஸ், ஃபிராங்க் பாட்ரிக் எல்லாரும் இருந்தார்கள். நால்வரும் பின்னாளில் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர்கள். ஃபிலிப்ஸும் கிரிஃபிஸும் 1907-ல் கெனோரா அணியில், கனடா ஹாக்கியின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற பழைய கூட்டாளிகள். மேலிருந்து கீழே பார்த்தால் அசைக்கமுடியாத பட்டியல். ஓட்டை கடைசி ஆறடியில் இருந்தது.

ஊர்களின் அமைப்பும் கொஞ்சம் வேலை செய்தது. நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்கு அந்தப் பருவத்தில் சொந்தத் தளம் இல்லை. 13,000 பேர் இருந்த அந்த ஊர் அணி தன் 'வீட்டு' ஆட்டங்களையும் வான்கூவரில்தான் ஆடியது. டிராம் ஏறினால் வந்துவிடலாம். விக்டோரியா அணியோ ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் நீராவிக் கப்பலில் நாலைந்து மணி நேரம் நீரிணை கடந்து வரவேண்டும். ஏழு பேரே முழு ஆட்டமும் ஆடும் காலத்தில் அந்தப் பயணக் களைப்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை, வைக்கவேண்டும். விக்டோரியா கடைசியில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு நெருடல். லெஸ்டர் விக்டோரியாவுக்கு ஆடினார், ஃபிராங்க் வான்கூவருக்கு ஆடினார், ராயல்ஸை ஜிம்மி கார்ட்னர் நடத்தினார். ஆனால் பணப்பை ஒன்றுதான். மூன்று அணியும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் போட்டி எப்படிப் போட்டியாகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. மறுபக்கம், அப்படி ஒரே கை இல்லாவிட்டால் வீரர்களைப் பலம் பார்த்துப் பங்கிட்டிருக்க முடியாது. 9, 7, 7 என்று இவ்வளவு நெருக்கமாக வெற்றிகள் பிரிந்திருக்காது. பலவீனமான ஓர் அணி முதல் மாதத்திலேயே தொடர்ந்து தோற்றிருந்தால் அந்த ஊரில் அடுத்த மாதம் டிக்கெட் விற்காது. மூன்றே அணி இருக்கும் லீக்கில் ஒன்று விழுந்தால் லீக்கே இல்லை.

பருவம் முடிந்ததும் கிழக்கு நட்சத்திரங்களை வரவழைத்து மூன்று ஆட்டத் தொடர் ஒன்று நடத்தினார்கள். பசிபிக் அணி இரண்டில் வென்றது. கிழக்கத்தியப் பத்திரிகைகளுக்கு இந்த லீக்கைக் காட்சிப் பொருளாக எழுதுவது அதற்குப் பிறகு சுலபமாக இல்லை. மற்றபடி கைமாற்றம் உடனே தொடங்கியது. லலோண்ட் மாண்ட்ரியல் கனேடியன்ஸுக்கும் ஹைலண்ட் வாண்டரர்ஸுக்கும் திரும்பிப் போனார்கள். லீக்கின் அதிக கோல்காரர்கள் இருவரும் ஒரே ஆண்டில் காலி. பதிலுக்கு சைக்ளோன் டெய்லர் என்ற நட்சத்திர வீரர் வான்கூவர் வந்தார். 1913-ல் இரு லீக்குகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து ஸ்டான்லி கோப்பையை ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடித் தீர்மானிப்பது என்று வைத்துக்கொண்டன. அதே காலத்தில் ஃபிராங்க் தளத்தை நீலக் கோடுகளால் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியில் முன்பாஸை அனுமதித்தார். கோல்கீப்பர் கீழே விழுந்து தடுக்கவும் இந்த லீக்தான் வழிவிட்டது. ஆட்டத்துக்கு 11 கோல் விழுந்த பருவத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலுகை ஏன் தேவைப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை.

ராயல்ஸ் அணி 1914-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. லேமன் அதோடு போகவில்லை, வான்கூவருக்கு மாறினார். 1915 மார்ச்சில் டென்மன் அரங்கில் ஸ்டான்லி கோப்பைக்கான தொடர், எதிரே ஒட்டாவா. வான்கூவர் 6-2, 8-3, 12-3 என்று மூன்று ஆட்டத்தையும் வரிசையாக வென்றது. மொத்தம் 26 கோல் போட்டார்கள். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து லேமன் விட்டது எட்டு.

நன்றி, வணக்கம்.